இருபத்திரண்டு விரல் கம்பம்

ஆகஸ்ட் 20

மடத்துத் தலைவி மதர் ஒரு படிவம் கொடுத்தனுப்பியிருக்கிறார். வெளிநாட்டில் யாரோ இந்தக் கிராமத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுத்தர யோசிக்கிறார்களாம். அதற்கு முன் கிராமத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித்தர வேண்டும், அக்டோபர் நடுவில். "தினமும் கவனிச்சுக் குறிச்சு வைங்க சிஸ்டர்" என்றார். அதற்காகத்தான் இந்த நோட்டு. தமிழில் எழுதுகிறேன், மதர் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

கேள்வி 1, ஊர்: கோலோ ரிமு. இந்தோனேசியாவில் ஃப்ளோரஸ் தீவு, மங்கராய் மலை. கேள்வி 2, வீடுகள்: அறுபத்தொன்று. கேள்வி 3, பயிர்: காபி, சோளம், மானாவாரி நெல். கேள்வி 4, மருத்துவ வசதி: ஆறு வருடமாக ஒரு நர்ஸ் சிஸ்டர். அது நான்தான், சவேரியம்மாள், சொந்த ஊர் வடக்கன்குளம் பக்கம். கேள்வி 5, போக்குவரத்து: மழைக்காலத்தில் கடவுள் விட்ட வழி. இதை அப்படியே எழுதினால் மதர் அடித்துவிடுவார்.

கேள்வி 14, பெண்களின் நிலை: அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

அண்ணன் இன்னாசியும் வாட்ஸ்அப்பில் ஏதோ அனுப்பியிருக்கிறான். இன்று கோழிக்கூட்டுக்குக் கதவு மாட்ட வேண்டியிருந்ததால் பதில் போட முடியவில்லை.

ஆகஸ்ட் 23

கொட்டு வீட்டில் கூட்டம். ஊரின் முரசுகள் தொங்கும் பெரிய கூரை வீடு அது. ஊர்ப் பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும்.

மேற்குச் சரிவில் ஆறு ஏக்கர் காட்டைத் திருத்தியிருக்கிறார்கள். மழைக்கு முன் அதைப் பங்கு பிரிக்க வேண்டும். இவர்கள் பிரிக்கும் முறையைப் படிவத்துக்காக விவரமாக எழுதி வைக்கிறேன். வட்டமான வயல். நடுவில் ஒரு மரக் கம்பம். காணி பிரிக்கும் பெரியவர் கம்பத்தைச் சுற்றி விரலை வைத்து வைத்து அளப்பார். ஆளுக்கு ஒரு விரல் அகலம். அந்தக் கோட்டை அப்படியே வயலின் விளிம்பு வரை கயிறு பிடித்து இழுப்பார்கள். கம்பத்தில் ஒரு விரல் இருப்பது விளிம்பில் இருபத்தைந்து மீட்டராக விரிந்துவிடும். மலை மேலிருந்து பார்த்தால் சிலந்தி வலைபோலத் தெரியும். இந்த வட்ட வயலுக்குப் பெயர் லிங்கோ.

இருபத்திரண்டு பெயர் முடிவானது. எல்லாம் ஆண்கள். பத்தொன்பதாவது பெயர் அலோய்சியஸ். இவன் மலேசியாவுக்குப் பனைத் தோட்ட வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது. போனும் இல்லை, காசும் இல்லை. அவன் விரலை அவன் தம்பி ஃபிரான்ஸ் வாங்கிக்கொள்வான், "அண்ணன் வர்ற வரைக்கும்."

அலோய்சியஸின் மனைவி யுஸ்தினா வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். அந்தச் சரிவில் வேர் பிடுங்கிக் கை தேய்ந்தவள் அவள்.

ஆகஸ்ட் 24

யுஸ்தினா கைப் புண்ணுக்கு மருந்து கட்ட வந்தாள். இவர்கள் பேசும் மங்கராய் மொழி என் காதில் நுழையும்போதே எங்களூர்ப் பேச்சாகிவிடுகிறது. அப்படியேதான் எழுதவும் வருகிறது.

"சுஸ்டர், ஒங்க ஆஸ்டல்ல எம்மவள சேத்துக்கிடுவியளா? மெலானிக்கு எட்டு வயசுதான் ஆவுது. அழமாட்டா."

"நீ எங்க போற?"

"அக்டோபர் பதினஞ்சுக்கு ஆள் கூட்டிட்டுப் போற கப்பல் வருது. நானும் தோட்டத்துக்குப் போறேன். இங்க கொழுந்தன் வயல்ல எத்தன வருசம் கூலியாளா இருக்க? எனக்குன்னு ஒரு விரல் இருந்தா போமாட்டேன். இல்லல்லா."

சேர்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா போன கப்பல் திரும்பி வராத பிள்ளைகள் எங்கள் விடுதியில் ஏற்கெனவே ஒன்பது பேர். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கட்டை இறுக்கிக் கட்டிவிட்டேன் போலிருக்கிறது, "மெள்ள" என்றாள்.

ஆகஸ்ட் 26

கம்பம் செதுக்கினார்கள். காணி பிரிக்கும் பெரியவர் கொர்னேலியுஸ் தன் ஆள்காட்டி விரலால் அளந்து அளந்து, சுற்றளவு சரியாக இருபத்திரண்டு விரல் வருகிறமாதிரிச் செதுக்கினார். சேவல் அறுத்து ரத்தம் பூசி நட்டாயிற்று. இனி அதில் உளி படக்கூடாது. அளக்கும் நாளிலும் ஒரே முறைதான், திரும்ப அளந்தால் முன்னோர்களைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

நான் பார்த்தது கம்பத்தை அல்ல, அவர் விரல்களை. கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தன. உளியைப் பிடிக்கும்போது முகம் சுளித்தது.

ஆகஸ்ட் 28

கொர்னேலியுஸை மருந்தகத்துக்கு வரவழைத்தேன். யூரிக் ஆசிட் எக்கச்சக்கம். பன்றிக்கறி, கள், மறுபடியும் பன்றிக்கறி. வேறென்ன ஆகும்?

"மாத்திரை தர்றேன். பன்னியும் கள்ளும் கூடாது."

"எம்புட்டு நாளைக்கு?"

"நான் சொல்லுத வரைக்கும்."

"அதுக்கு நீங்க என்னயக் கொன்னுரலாம் சுஸ்டர்."

மாத்திரையை விழுங்கிவிட்டுப் பேச உட்கார்ந்தார். பட்டியலில் யுஸ்தினாவின் பெயரைச் சேர்க்க முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். கூட்டத்தில் முடிவான பெயரில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு அதிகாரமில்லை. "பட்டியல் ஊருக்குச் சொந்தம். விரல்தான் எனக்குச் சொந்தம்."

"அளக்கும்போது கூடக்குறைய வந்தா?"

அவர் அப்பா காலத்தில் ஒரு தடவை வந்ததாம். எல்லோருக்கும் அளந்த பிறகு கம்பத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. வலையில் ஓட்டை இருக்கக்கூடாது, விளைச்சல் அது வழியாக ஒழுகிப் போய்விடும் என்பது இவர்கள் நம்பிக்கை. அதனால் மிஞ்சியதை அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், பிரிப்பவர் யாருக்காவது கொடுத்தாக வேண்டும். அந்த வயலில் பாடுபட்டவராக இருக்க வேண்டும். அதே வயலில் ஏற்கெனவே விரல் வாங்கியவருக்குக் கொடுக்கக்கூடாது.

நல்ல வழக்கம். படிவத்தில் இதற்கு இடமில்லை.

வீக்கத்தைக் குறித்து வைப்பது நர்ஸின் கடமை என்பதால் அவர் ஆள்காட்டி விரலின் அகலத்தை அளந்தேன். 22 மில்லிமீட்டர்.

செப்டம்பர் 2

அண்ணன் மறுபடியும் அனுப்பியிருக்கிறான். குரல் செய்தி. "ஏட்டி சவரி, நீ சிஸ்டருக்குப் போனவ. ஒனக்கு எதுக்குட்டி வெள? எனக்குப் பங்கு வேண்டாம்னு ஒங் கைப்பட நாலு வரி எழுதி அனுப்பிரு. அதக் காட்டுனா தங்கச்சி பிரகாசியும் எழுதிக் குடுத்துருவா. எம்மவ கல்யாணம் நிக்கிது, புரியுதா?"

நியாயம்தான். அப்பாவின் விளைநிலம் எனக்கு எதற்கு? நாலு வரி, ஐந்து நிமிட வேலை.

பேனா சரியாக எழுதவில்லை. காபிக்கொட்டை காயப்போட்டிருந்ததை மழைக்கு முன் அள்ளினோம்.

செப்டம்பர் 5

விரல் 22. கொர்னேலியுஸ் வாயில் பன்றிக்கறி வாசம்.

செப்டம்பர் 6

கொர்னேலியுஸ் வீட்டுக்கே போய்விட்டேன். அடுப்பு மேல் புகையில் முழுப் பன்றித் தொடை ஒன்று தொங்குகிறது. ஃபிரான்ஸ் கொடுத்தது. காணி பிரிக்கப்போகும் பெரியவருக்கு மரியாதை செய்வது இங்கே வழக்கம், அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தொடையை நான் பறிமுதல் செய்தேன். விடுதிப் பிள்ளைகளுக்கு மூன்று நாளைக்குச் சந்தோஷம்.

பெரியவரின் மனைவி என் கட்சி. "நல்லா கேளுங்க சுஸ்டர், நா சொன்னா கேட்டாத்தான?" இனித் தினமும் காலையில் அவள் வீட்டுக்கு நான் போவேன், என் கண் முன்னால் மாத்திரை, மூன்று டம்ளர் தண்ணீர்.

"இந்த எழவு எதுக்கு சுஸ்டர்? வலி போயிட்டுல்லா?"

"வலி போனா போதாது. வீக்கம் போகணும்."

பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மூன்றாவது டம்ளரையும் குடித்தார்.

செப்டம்பர் 11

21.7.

செப்டம்பர் 13

ஃபிரான்ஸ் தன் கடைக்குட்டிக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு ஐந்து பிள்ளைகள். மருந்து கொடுத்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் கேட்டேன், அந்தப் பத்தொன்பதாவது விரலை அண்ணிக்கே விட்டுக் கொடுத்தால் என்ன?

"நாளைக்கு எங்கண்ணன் வந்து எம்பங்கு எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல சுஸ்டர்? அவ இன்னைக்கு இருப்பா, நாளைக்குப் பொறந்த வீட்டுக்குப் போயிருவா. நெலம் அவ கூட நடந்து போயிரும்லா?"

கெட்டவன் இல்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தான். கெட்டவனாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பொறந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை. எங்கள் பிரகாசி புருஷன் செத்துப் பொறந்த வீட்டுக்குத்தான் போனாள். இப்போது அண்ணன் வீட்டு மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்து அறையில் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. கிராமத்து விவரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செப்டம்பர் 17

21.4. பெரியவர் இளைத்துவிட்டார், கோபமும் அதிகமாகிவிட்டது. கோயிலில் காணிக்கை நேரத்தில் என்னை முறைத்தார். இருக்கட்டும்.

செப்டம்பர் 23

பக்கத்து ஊரில் கல்யாணம். பெரியவர் போனார். நானும் போனேன். அவர் இலைக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஆனாலும் கை கழுவ எழுந்துபோன மனிதர் முக்கால் மணிநேரம் திரும்பவில்லை.

செப்டம்பர் 24

22.

பூசையில் மனம் நிற்கவில்லை. கர்த்தர் மன்னிக்கட்டும், எனக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. மத்தியானம் போய்த் திட்டியே விட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில், "அக்டோபர் நாலுக்கு இன்னும் பத்து நாள் கெடக்கு சுஸ்டர்" என்றார். அளக்கும் நாளை நான் அவரிடம் பேசவே இல்லையே, அதை ஏன் சொன்னார்? மாத்திரைக் கணக்கைச் சொல்லியிருப்பார்.

செப்டம்பர் 27

யுஸ்தினா மெலானியின் துணிகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். இரண்டு பாவாடை, ஒரு ஸ்வெட்டர், பள்ளிச் சட்டை. ஒவ்வொன்றிலும் கழுத்துப் பக்கம் பெயர் தைத்திருந்தாள்.

"இன்னும் நாள் இருக்கு. கொண்டு போ" என்றேன்.

"எடம் பிடிச்சு வச்சுக்கிடுங்க சுஸ்டர்."

"கொண்டு போன்னு சொல்லுதேன்லா?" கத்திவிட்டேன். பயந்துபோய் எடுத்துக்கொண்டு போனாள். பிறகு ஆள் விட்டுக் கூப்பிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினேன். அதனால் என்ன ஆகப்போகிறது? என் மனசுக்குத்தான்.

செப்டம்பர் 30

21.5. நான் சொல்லாமலேயே பெரியவர் நான்காவது டம்ளர் தண்ணீர் குடித்தார்.

பிரகாசியின் குரல் செய்தி. அவள் எப்போதும் பேசி முடித்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பாள். "யக்கா, அண்ணன் தெனமும் கேக்கான். நீ எழுதிக் குடுத்துட்டியா? நீ குடுத்துட்டா நானும் குடுத்துருதேன். நீ எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும். ஒடம்பு நல்லாருக்கியா?"

மூன்று தடவை கேட்டேன். பின்னால் மாடு கத்துகிறது.

அக்டோபர் 2

21.3.

அக்டோபர் 3

21-க்கு ஒரு மயிரிழை மேல். நாளை அளக்கிறார்கள். என் கணக்குப்படி ஒரு விரலுக்குக் கொஞ்சம் குறைவாக

மேலே உள்ள வரியை முடிக்காமல் விட்டுவிடுகிறேன். நாளை எனக்கு மருந்தகத்தில் வேலை இருக்கிறது. முடிந்தால் போய்ப் பார்க்கலாம், படிவத்துக்காக.

அக்டோபர் 4

மருந்தகத்தைப் பூட்டிவிட்டு ஆறு மணிக்கெல்லாம் சரிவுக்குப் போய்விட்டேன்.

முரசு வந்தது. பன்றி அறுத்தார்கள். இருபத்திரண்டு ஆண்களும் வட்டமாக நின்றார்கள், பெண்கள் விளிம்பில். கொர்னேலியுஸ் புதுத் துணி கட்டிக்கொண்டு கம்பத்தின் முன் குந்தினார்.  ஜெபமாலையை எடுத்தேன், எந்தத் தேவ இரகசியத்தில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

விரலை வைத்தார். கரிக்கோடு போட்டார். பெயர் சொன்னார். கயிறு ஓடியது. அடுத்த விரல்.   பத்தாவது பெயரில் ஒருவன், "பெரியவரே, கை மெலிஞ்சுட்டே" என்றான். "சுஸ்டர் கறி திங்க விடல" என்றார், நிமிராமல். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பத்தொன்பது, அலோய்சியஸ். ஃபிரான்ஸ் முன்னால் வந்து கயிற்றை வாங்கினான். யுஸ்தினா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

கடைசிக் கோட்டுக்கும் முதல் கோட்டுக்கும் நடுவில் இடைவெளி.

கூட்டம் நெருங்கி வந்து பார்த்தது.  ஒருவன் மெதுவாக, "திருப்பி அளக்கலாமா?" என்று தொடங்கினான். மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் அவன் வாயை அடைத்தார்கள். முன்னோர் முன்னால் யாராவது அப்படிக் கேட்பார்களா?

"மிஞ்சிட்டு" என்றார் கொர்னேலியுஸ். "ஓட்டைய வச்சுக்கிட்டு வெதைக்க முடியாது. இந்தக் காட்டுல பாடுபட்டு, வெரல் வாங்காத ஆளு யாரு இருக்கா?"

எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு ஆள்தான்.

ஃபிரான்ஸ் முன்னால் வந்தான். "அது ஒரு வெரலே இல்லியே. வச்சுப் பாருங்க." பெரியவர் விரலை வைத்தார். உண்மைதான். இருபுறமும் கோட்டை மிதித்துக்கொண்டு நின்றது அவர் விரல்.  ஒரு மயிரிழை, ஒரு கல்யாணச் சாப்பாடு, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

பெரியவர் அவசரப்படவில்லை. விரலை எடுத்தார். "என் வெரலு பெருசாத்தான் இருக்கு. அப்பம் இது யாரு வெரலுன்னு பாப்பம். யுஸ்தினா, இங்க வா."

அவள் வரவில்லை. பெண்கள் அந்தக் கம்பத்தைத் தொட்டதில்லை. பெரியவர் திரும்பவும் கூப்பிட்டார், இந்தத் தடவை உரக்க. பக்கத்திலிருந்தவர்கள் அவளைத் தள்ளிவிட்டார்கள். வந்து குந்தினாள். வேர் பிடுங்கித் தழும்பேறிய ஆள்காட்டி விரலை அந்த இடைவெளியில் வைத்தாள்.

கோட்டுக்குக் கோடு. அந்தப் பக்கமும் இடமில்லை, இந்தப் பக்கமும் இடமில்லை.

ஃபிரான்ஸ் குனிந்து அந்த விரலைப் பார்த்தான். மண்ணில் துப்பினான். பிறகு, "கயிறு வேணும்லா" என்று தன் கையில் இருந்ததையே நீட்டினான். பெரியவர் கயிற்றின் நுனியைக் கம்பத்தில் பிடிக்க, யுஸ்தினா மறுநுனியோடு சரிவில் இறங்கி நடந்தாள், பிறகு ஓடினாள். மெலானி பின்னாலேயே ஓடினாள்.

விளிம்பில் இருபத்தொரு மீட்டர். எங்களூர் அளவில் ஏறத்தாழ இருபத்து மூன்று சென்ட். நான் அழுதேன். புகை, பன்றி வாட்டிய புகை என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன்.

அக்டோபர் 5

காலை முழுவதும் உட்கார்ந்து அண்ணனுக்கு எழுதினேன். பேனா நன்றாகவே எழுதியது.

"அன்புள்ள அண்ணனுக்கு. அப்பாவின் விளையில் எனக்குப் பங்கு வேண்டாம். நான் அதை யாருக்காவது விட்டுக்கொடுக்க முடியும் என்றால் பிரகாசிக்கு விட்டுக்கொடுக்கிறேன். மூன்றில் ஒன்று உனக்கு. அவளுடையதும் என்னுடையதுமாக மூன்றில் இரண்டு அவளுக்கு. கிணற்றுப் பக்கமாக அளந்து கல் போடு. அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கல்யாணத்துக்கு என் ஜெபங்கள். சவரி."

போட்டோ எடுத்து முதலில் பிரகாசிக்கு அனுப்பினேன். அப்புறம்தான் அண்ணனுக்கு.

அக்டோபர் 6

அண்ணன் கூப்பிட்டான். பதினைந்து நிமிடம் அவன்தான் பேசினான். "அங்க போயி காட்டுக்காரங்ககூட இருந்து ஒனக்குப் புத்தி கெட்டுட்டுட்டி" என்றான். ஒரு வகையில் சரியாகத்தான் சொல்கிறான். அவன் சத்தம் போட்டால் சின்ன வயதில் நடுங்குவேன். இன்று பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எப்பம் அளக்கப் போற?" என்று மட்டும் கேட்டேன். வைத்துவிட்டான்.

பிரகாசியிடமிருந்து ஒன்றும் இல்லை.

அக்டோபர் 8

பிரகாசியின் குரல் செய்தி. முதலில் வெறும் அழுகை. பிறகு, "யக்கா, அண்ணன் ரெண்டு நாளா பேசல. மைனி சோறு தரல, நானே பொங்கிக்கிட்டேன். நா எழுதிக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்க்கா. எனக்கே பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லிட்டேன்." இந்தத் தடவை உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டாள்.

அக்டோபர் 13

இரண்டு நாளாக மழை. யுஸ்தினா தன் பங்கில் குச்சியால் குழி போட்டு விதைத்தாள். பக்கத்துக் கோடு ஃபிரான்ஸுடையது அல்ல, ஆனாலும் அவன் மனைவி வந்து விதைப்பு முடியும்வரை கூட நின்றாள்.

அக்டோபர் 15

கப்பல் போய்விட்டது. எங்கள் ஊரிலிருந்து நான்கு பெண்கள் ஏறினார்கள். யுஸ்தினா ஏறவில்லை. விடுதியில் புதிதாக ஆறு பிள்ளைகள். கட்டில் போதவில்லை. தரையில் பாய் போட்டுக் கொடுத்தேன், சின்னவள் ஒருத்தி என் சேலை நுனியை விடவில்லை.

இதற்கும் படிவத்தில் இடமில்லை.

அக்டோபர் 16

படிவத்தை நிரப்பி முடித்தேன். கேள்வி 14, பெண்களின் நிலை: "இருபத்து மூன்றில் ஒரு விரல். இந்த வருடம் முதல்." மதர் விளக்கம் கேட்பார். கேட்கட்டும், வந்து பார்க்கச் சொல்கிறேன்.

தபால் ஜீப் போனதும் கொர்னேலியுஸ் வந்தார். தானாகவே உட்கார்ந்து விரலை நீட்டினார். 21. நல்ல ஆரோக்கியம், மாத்திரையைத் தொடரலாம் என்றேன்.

"கெழக்குச் சரிவுல அடுத்த லிங்கோ" என்றார். "வர்ற வருசம் ஆகஸ்ட்ல கம்பம் செதுக்கணும்."

"சரி."

"வேர் பிடுங்க வர்ற பொண்ணுங்கள்ல பேர் இல்லாதவ நாலு பேரு இருக்காளுவ." சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். "ஜூலை மாசம் மட்டும் கொஞ்சம் பன்னி திங்கலாமா சுஸ்டர்?"

நான் நர்ஸ். நோயாளிக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன், ஒரு துண்டுகூடக் கூடாது என்று. தலையாட்டிக்கொண்டு எழுந்துபோனார். மாத்திரை டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நாலு விரல் மிஞ்ச வேண்டுமென்றால், கம்பம் செதுக்கும் நாளில் அவர் விரல் 22 இருந்தால் போதாது.